மறுமொழி: 'பிரிட்ஜிங் கேப்பிட்டல்' – 'பழக்கமுதல்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சமூகவியலின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த மடல் இழையை நேற்று இரவு முதல் மடலிலிருந்து படித்தேன். மனிதத் தொடர்புகளால் ஒருவருக்குக் கிடைக்கும் பலத்தைக் குறிக்கும் 'சோஷியல் கேப்பிட்டல்' என்பதற்குச் 'சமூக மூலதனம்' புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதை அசைக்க வேண்டாம் என்று இழையில் ஐயா ஒருவர் சொல்வது சரி. எனக்குச் சிக்கல் அதன் இரண்டு கிளைகளில்தான். நெருக்கமானவர்களிடம் இருக்கும் 'பாண்டிங்' வகைக்குப் 'பிணைப்பு', வெளிவட்டத்தோடு சேர்க்கும் 'பிரிட்ஜிங்' வகைக்கு 'இணைப்பு' என்று நம் கலைச்சொல் பட்டியலில் வைத்திருக்கிறோம். வகுப்பில் சொன்னால் கடைசி வரிசைப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். எது கிட்டத்தில், எது தூரத்தில் என்று சொல்லும் காட்டவில்லை.

எங்கள் பக்கம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில், 'போட்ட முதல்கூட வரல' என்பார்கள். மூலதனம் என்ற சொல் வயலில் காதில் விழாது. சொந்தக்காரர் என்றால் உறவு. சொந்தமில்லை, ஆனால் பேரைச் சொன்னால் தெரியும் என்றால் பழக்கம். 'தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில யாராச்சும் பழக்கம் இருக்கா?' என்று கேட்காத வீடு இல்லை. 1973இல் சமூகவியலாளர் கிரானோவெட்டர் மெல்லிய தொடர்புகளின் வலு என்று எழுதியது இதைத்தான். ஆகவே 'பாண்டிங்' வகைக்கு உறவுமுதல், 'பிரிட்ஜிங்' வகைக்குப் பழக்கமுதல் என்று இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. எங்கள் தோப்பில் நின்ற தென்னைகளை எண்ண இரண்டு கை விரல் போதும். உறவுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கதி. யார் யாருக்குக் கை கொடுப்பது? விழுந்த மரத்தை அறுக்க மெஷினும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றாம் நாள் டிராக்டர் பேட்டரியில் வயரைக் கொடுத்து சார்ஜ் ஏற்றி, சிக்னல் கிடைக்கிற இடம் தேடிப் போய் போனைப் பிடித்தேன். பொள்ளாச்சியில் கன்று வாங்கப் போனபோது பழக்கமான ஒருவர் அனுப்பிய சேதி வந்து விழுந்தது: 'அண்ணா, மெசினோட நாலு ஆள அனுப்பட்டுங்களா?' அதற்கு முன் அவரோடு நான் பேசியதெல்லாம் பொங்கல் வாழ்த்தும், கன்று எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பும்தான். உறவுமுதல் முழுக்க ஒரே புயலில் சாய்ந்தபோது பழக்கமுதல் வேறு மண்ணில் நின்றிருந்தது.

ஃபேஸ்புக் போன்ற தளங்களில் உள்ள வசதிகளுக்கான சொற்களையும் இதோடு சேர்த்தே முடிவு செய்யலாம். 2011இல் பர்க், கிராவுட், மார்லோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 415 ஃபேஸ்புக் பயனர்களின் கருத்துக்கணிப்பைச் சர்வர் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். நண்பர்களிடமிருந்து தனக்கென்று சேதி வரப்பெறுவதோடுதான் பழக்கமுதலின் உயர்வு சேர்ந்து தெரிந்தது. எல்லாருக்குமாகப் பதிவிடுவதிலும், மற்றவர் பதிவைப் பார்த்துக்கொண்டே போவதிலும் அப்படித் தெரியவில்லை. இம்மூன்றையும் தனிச்சேதி, ஊர்ச்சேதி, வேடிக்கை எனலாம். இரண்டாவதற்குத் 'தண்டோரா' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டவே வேண்டாம். ஒரு சாராரின் தலையில் சுமத்தப்பட்ட வேலை அது. தமிழ்நாடு அரசே 2022இல் தடை செய்துவிட்டது.

'மொய்முதல்' என்று வைக்கலாமா என்று இழையில் ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கிற ஊர்க்காரன் என்பதால் ஆசையாகத்தான் இருக்கிறது. சமூகவியலாளர் கோல்மனும் 1988இல், பெற்ற உதவியைத் திருப்பிச் செய்யும் கடப்பாட்டைக் கையில் இருக்கும் கடன் சீட்டுக்கு ஒப்பிட்டார். ஆனால் மொய் நோட்டில் ஏறும், தொகை தெரியும், திருப்பிச் செய்தே ஆக வேண்டும். பொள்ளாச்சிக்காரர் எந்த நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பவில்லை.

ஒரு எச்சரிக்கை: 'பழக்க முதல்' என்று பிரித்து எழுதினால் 'சென்னை முதல்' என்பதுபோல் மயங்கும், சேர்த்தே எழுத வேண்டும். 'முதற்பொருள்' என்று நீட்டவும் வழியில்லை, இலக்கணத்தில் அது நிலத்துக்கும் பொழுதுக்கும் உரியது.

லைக் பொத்தான்தான் இன்னும் பிடிபடவில்லை. ஒருவரை நோக்கிப் போகிறது, ஆனால் அதில் பேச்சில்லை. எதிரே வருகிறவரை 'வாங்க' என்று கேட்காமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவதுபோல. 'தலையசைப்பு' என்று வைத்தால் தனிச்சேதிக்குக் கீழ் வருமா, தனி இனமா? சொல்லுங்கள்.

அன்புடன்,
பட்டுக்கோட்டையிலிருந்து