கேரல் பவனிக்கு 40 பேர், மற்ற வாரங்களில் 9 பேர்: வாலிபர் ஐக்கியத்தை எப்படி நடத்துவது?

நொய்யல்கரையான், திருப்பூர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு சபையில் கடந்த ஜூன் மாதம் முதல் வாலிபர் ஐக்கியத்தின் செயலராக இருக்கிறேன். நானாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு அன்று. முன்பிருந்த அண்ணன் வேலை மாற்றலாகி ஓசூருக்குப் போனதும், ஆராதனை முடிவில் அறிவிப்புகளோடு அறிவிப்பாக ஆயர் ஐயா என் பெயரையும் வாசித்துவிட்டார். பதிவேட்டில் 42 பெயர்கள் இருக்கின்றன. வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் டிசம்பர் மாதக் கேரல் பவனிக்கு, பின்னிரவு இரண்டு மணி வரை வேனில் நெருக்கியடித்துக்கொண்டு 40 பேர் வந்தார்கள். ஜனவரி இரண்டாம் வாரம் எண்ணிப் பார்த்தேன்: 9 பேர். அவர்களில் இருவர் ஆயர் வீட்டுப் பிள்ளைகள், ஒருத்தி என் தங்கை.

கூடுகை சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு நடக்கிறது. சபைக் குழு மனமுவந்து புதிய கீபோர்டும் புரொஜெக்டரும் வாங்கித் தந்திருக்கிறது. வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரை அழைத்தபோது 25 பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பழையபடி ஒன்பதுதான். வண்ண விளக்குகளும் இசைக்குழுவுமாகக் கூட்டம் நடத்தும் பெரிய சபை ஒன்றுக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள் என்று குழுவில் ஒரு பெரியவர் குறைபட்டுக்கொண்டார். நாமும் அந்த வழியில் போக வேண்டுமா, அல்லது நான் வேறு எதையோ கவனிக்கத் தவறுகிறேனா? பல ஆண்டுகள் வாலிபர் ஊழியத்தில் இருந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காவிரிக்கரை டீச்சர், ஈரோடு:

தம்பி, நான் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. 22 ஆண்டுகள் வாலிபர் ஐக்கியத்தையும் ஞாயிறு பள்ளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டவள். விளக்குகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒருவர் இரவு எட்டரை மணிக்குத்தான் வெளியே வருகிறார். சனிக்கிழமை சம்பள நாள் வேறு. கையில் பணம் வந்த பிறகு மளிகைக் கடைக்கும் ஊருக்குப் பணம் அனுப்புவதற்குமே நேரம் போதாது. திருப்பூரில் சனிக்கிழமை 6.30 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்துவது, நடவு நேரத்தில் கல்யாணம் வைத்துவிட்டுப் பந்தியில் ஆள் இல்லை என்று வருந்துவதைப் போன்றது.

அடுத்தது பதிவேடு. அதில் பெயரும் வருகைக் குறியும் மட்டும்தானே இருக்கும்? நான் 80 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். எங்கே தங்கியிருக்கிறார், டைலரா, செக்கிங்கா, கல்லூரியா, சொந்த ஊர் எது, வீட்டில் யார் யார், கடைசியாக எப்போது நேரில் பேசினேன் என்று எழுதி வைப்பேன். இரண்டு வாரம் ஒருவரைக் காணவில்லை என்றால் மூன்றாவது வாரத்திற்குள் அவர் இருப்பிடத்திற்குப் போவேன். தொலைபேசியில் கேட்டால் எல்லோரும் “வேலைங்க டீச்சர்” என்றுதான் சொல்வார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வாரமாக வரவில்லை. அவன் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போய்விட்டான் என்று எங்கள் ஜெபக்குழுவில் சிலர் முடிவுகட்டி ஜெபிக்கவே தொடங்கிவிட்டார்கள். அறைக்குப் போய்ப் பேசியபோது, நெடுநேரம் தயங்கிவிட்டுக் காரணத்தைச் சொன்னான். எங்கள் கூடுகையில் வேதபகுதியை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பது வழக்கம். அவன் பள்ளியை ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அதனால் தனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று கணக்கிட்டு, அந்த ஒரு வசனத்தை மட்டும் உதட்டுக்குள் பழகி வைத்துக்கொள்வானாம். ஒருநாள் கூட்டம் தொடங்கிய பிறகு வந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்துவிட, கணக்கு ஒரு வசனம் தள்ளிப்போயிற்று. தடுமாறி வாசித்தான், பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதோடு நின்றுவிட்டான். எத்தனையோ மாதங்கள் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியை நான், எனக்கே தெரிந்திருக்கவில்லை. அன்று முதல் சுற்றி வாசிப்பதை நிறுத்தினேன்.

வராதவர்களைத் தேடிப்போவது நான் கண்டுபிடித்த புதுவழி அன்று. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 1881ஆம் ஆண்டு பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கங்களில், வராதவர்களைத் தேடிப்போவதற்கும் புதியவர்களைச் சேர்ப்பதற்குமென்றே ஒரு குழு இருந்தது. மாதம் ஒருமுறை பெயர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் தம் வாயால் ஏதேனும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழுக்களையெல்லாம் இளைஞர்களே நடத்தினார்கள் என்பதுதான் இதில் முக்கியம். உங்களிடம் வருகிற ஒன்பது பேரில் எத்தனை பேருக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது?

விடுதிக்காரர், கோயம்புத்தூர்:

டீச்சர் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தேடிப்போய் அழைத்து வந்தவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்கச் செய்தால், அவர் அடுத்த வாரமும் வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. காலையில் ஆராதனையில் ஒரு பிரசங்கம், மாலையில் இன்னொன்று என்றால் அவர் எப்போதுதான் வாய் திறப்பது?

நான் கல்லூரி விடுதி மாணவர்களுக்காக நடக்கும் ஒரு சிறு கூடுகையைக் கவனிக்கிறேன். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியில் துளையிட்டு, பெயர் எழுதாமல் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னோம். முதல் வாரம் 14 சீட்டுகள் விழுந்தன. வேதத்தைப் பற்றிய நேரடிக் கேள்விகள் இரண்டே இரண்டு. மற்றவை எல்லாம் அரியர், வீட்டுக் கடன், ஆன்லைன் ரம்மியில் போன பணம், வேறு சாதிப் பெண்ணை விரும்புவது பாவமா என்பது, ஜெபித்தும் மனச்சோர்வு போகவில்லையே என்பது. இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் முந்தைய ஓராண்டில் பேசியிருக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மாதத்தில் இரண்டு வாரங்களை இந்தச் சீட்டுகளுக்கே ஒதுக்கினோம். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொன்னோம்.

மனச்சோர்வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதை விசுவாசக் குறைவு என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஜெபிப்போம், கூடவே மருத்துவரிடமும் அழைத்துப் போவோம். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐக் கூடுகை நடக்கும் அறையின் சுவரில் ஒட்டி வையுங்கள். இரவிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

ஆழியாறு, பொள்ளாச்சிப் பக்கம்:

இதுவரை எழுதிய மூவரும் நடத்துகிறவர்கள். நான் விட்டு விலகி வந்தவள் என்பதால் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் சபையில் வாலிபர் என்றால் நாற்காலி போடுகிறவர் என்று பொருள். கன்வென்ஷனுக்குப் பந்தல், அறுப்பின் பண்டிகைக்கு ஏலப் பொருள் சுமப்பது, அன்பின் விருந்துக்கு இலை போடுவது, விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தோரணம் ஒட்டுவது என்று ஆண்டு முழுவதும் எங்களுக்கு வேலை இருந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தேநீர் கொடுக்கும் வேலையும் உண்டு. வேலை செய்ய எனக்குத் தயக்கமில்லை. நோம்பி என்றால் நாலு கை சேர்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட எங்களிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்கப்படவில்லை. கேரல் பவனியில் தொண்டை கட்டப் பாடிச் சேர்த்த காணிக்கை எங்கே போயிற்று என்று நான் கேட்டபோது, கேள்வி கேட்கிற ஆவி என்று எனக்குப் பட்டம் கிடைத்தது.

பவனியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வேன் எந்தத் தெருவுக்கு முதலில் போகும், எந்தத் தெருவுக்கு நள்ளிரவுக்கு மேல் போகும், எந்த வீடுகளில் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும் என்பதற்கெல்லாம் ஒரு எழுதாத வரிசை இருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். கடைசித் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனதற்கு உலக இன்பத்தையும் கைப்பேசியையும் குற்றம் சொன்னார்கள்.

பெண்கள் வராததற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. கூட்டம் ஏழே முக்காலுக்கு முடிந்தால் எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் போய்விட்டிருக்கும். யாராவது வண்டியில் கொண்டுவந்து விட்டால் மறுநாள் ஊர் பேசும். உங்கள் 42 பேரில் பெண்கள் எத்தனை பேர், வருகிற 9 பேரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், அண்ணா.

ஏற்காடு அடிவாரம், சேலம்:

நான் வழக்கறிஞர்; வாலிபர் முகாம்களுக்கு உதவி செய்கிறவன். உங்கள் ஐக்கியத்தில் 18 வயது நிரம்பாதவர்களும் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர்கள் அனைவரும் குழந்தைகளே. ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானது தெரியவந்தால், 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சபையின் பெயர் கெடும், குழுவில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

முகாம் என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், தனித்தனித் தங்குமிடம், பெண்பிள்ளைகளோடு பொறுப்பான பெண்கள் இருவர். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையைத் தனியறையில் வைத்து ஆலோசனை சொல்லும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்; பிறர் பார்வைபடும் இடத்தில், காதில் விழாத தூரத்தில் பேசலாம். உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். நல்ல மனதோடு ஊழியம் செய்கிறவருக்கும் இது பாதுகாப்பு.

நொய்யல்கரையான், திருப்பூர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

டீச்சர் சொன்னபடி நோட்டு வாங்கி எழுதத் தொடங்கியதும் முதலில் தெரிந்தது, அந்த 42 என்ற எண்ணே பழைய கணக்கு என்பது. எட்டுப் பேர் ஊர் மாறிவிட்டார்கள், நான்கு பேருக்குத் திருமணமாகி வேறு சபைக்குப் போய்விட்டார்கள், இருவர் நாமக்கல் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறார்கள். பொதுத்தேர்வு முடியும் வரை வர இயலாது. மிச்சமுள்ள 28 பேரில் இதுவரை 11 பேரைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன். பெரிய சபைக்குப் போய்விட்டார்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தவர்களில் ஒருவர் மட்டுமே உண்மையில் அங்கே போகிறார். மற்றவர்கள் எங்குமே போகவில்லை.

சகோதரி கேட்டதையும் எண்ணினேன். அந்த 28 பேரில் பெண்கள் 16. கூடுகைக்கு வருகிறவர்கள் மூன்று பேர். அந்த 16 பேரில் ஆறு பேர் ஒரே கம்பெனியின் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே விடுவார்கள், மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். ஆகவே கூடுகையை ஞாயிறு மாலை மூன்றரை மணிக்கு மாற்ற ஆயர் ஐயாவிடம் கேட்டேன். அந்த நேரத்தில் பாடகர் குழுப் பயிற்சி நடக்கிறதே என்றார். பயிற்சியை ஐந்தரைக்குத் தள்ளலாம் என்று பாடகர் குழுவிலிருந்த என் தங்கைதான் சொன்னாள். கேரல் காணிக்கையைப் பற்றிய பேச்சுக்குச் சபைக் குழு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் எழுத்து மூலம் சேர்க்கக் கேட்டிருக்கிறேன், கூட்டத்திற்கு எங்களில் இருவர் வந்து உட்காரவும் அனுமதி கேட்டிருக்கிறேன்.

நாங்களும் வேதபகுதியைச் சுற்றித்தான் வாசித்துவந்தோம், டீச்சர். போன வாரம் அதை நிறுத்தினேன். எப்போதும் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிற தம்பி ஒருவன், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க எனக்கு உதவினான். இனிமேல் வாசிக்கச் சொல்ல மாட்டீர்களா அண்ணா என்று கேட்டான். விருப்பப்பட்டவர்கள் வாசிக்கலாம் என்றேன். சரிங்க அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனான். நோட்டில் அவனுக்கான பக்கத்தில் இன்னும் பெயரையும் கம்பெனியையும் தவிர வேறெதுவும் எழுதவில்லை; வரும் ஞாயிறு அவன் அறைக்குப் போகிறேன்.