டொலுவீனை டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்றும்போது எர்த்திங்கை எப்படிச் சோதிக்கிறீர்கள்?

வணக்கம். 200 லிட்டர் டிரம்மில் வரும் டொலுவீன் என்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பானைச் சின்ன கேன்களில் பிடித்துக் கொடுக்கும் வேலை எங்கள் பிரிவில் நடக்கிறது. அதன் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 4 டிகிரி செல்சியஸ்தான், அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பிவிடும், அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் சுவிட்ச் பொறியில்கூடப் பிடித்துக்கொள்ளலாம். அதற்காக ஆவியைத் தரைமட்டத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுகிறோம், அது சரி.

என் கவலை நிலைமின்சாரம். டொலுவீன் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, குழாயில் ஓடும்போதே சார்ஜ் சேர்ந்துவிடும். டிரம்மையும் உலோகக் கேனையும் ஒயரால் இணைத்து, டிரம்மை எர்த் செய்கிறோம். ஆனால் டிரம்மில் தடிமனாகப் பெயின்ட் இருக்கிறது. கிளிப்பின் பல் பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொடுகிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? எத்தனை ஓம் வரை ஏற்கிறீர்கள்? சாதாரண மல்டிமீட்டரை அந்த இடத்தில் எடுக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம், பிளாஸ்டிக் கேனில்தான் வேண்டும் என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு ஒயர் மாட்டி என்ன பயன்? அவர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.