வயதான கழுதைக்குத் தீவனம் தொண்டையில் அடைக்காமல் கொடுப்பது எப்படி?

கொறங்காட்டான்:
வணக்கம். பெட்டைக் கழுதை, 26 வயது, 120 கிலோ இருக்கும். காய்ந்த தவிடும் மாட்டுத் தீவன உருண்டையும் தின்னும்போது அடைத்துக்கொண்டது. மூக்கு வழியாகத் தவிடு கலந்த எச்சில் வந்தது, கழுத்தை நீட்டி நீட்டி இருமியது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் பாய்ச்சி எடுத்துவிட்டார். வைக்கோலை மென்று உருண்டையாகக் கீழே துப்புகிறது. இனி என்ன கொடுக்கலாம், எவ்வளவு, எப்படி? மறுபடி அடைத்தால் வாயில் நல்லெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள், சரிதானா?

பட்டித்தொட்டி:
அண்ணா, உருண்டையாகத் துப்புகிறது என்றாலே கடைவாய்ப் பல் போய்விட்டது என்று அர்த்தம். கழுதைக்குக் கடைவாய்ப் பல் தேயத் தேய ஈறுக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். 25 வயதைத் தாண்டினால் உள்ளே இருப்பு தீர்ந்துவிடும். அப்புறம் பல் ஆடும், விழும், இடைவெளியில் தீவனம் சொருகி அழுகும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முன்பல் மட்டும்தான் தெரியும். கோளாறு எல்லாம் பின்னால். வாய் திறப்பான் மாட்டி, டார்ச் அடித்து, கையை விட்டுத் தடவிப் பார்க்கிற டாக்டரிடம் 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். கூர் முனை இருந்தால் அரம் போட்டு ராவுவார், ஆடுகிற பல்லைப் பிடுங்குவார். விட்டையையும் உடைத்துப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமாக நார் கிடந்தால் மெல்லாமல் விழுங்குகிறது. அது இன்றைக்குத் தொண்டையில் நிற்கும், நாளைக்குக் குடலில் நிற்கும்.

வைக்கோலை நிறுத்திவிடுங்கள், படுக்கைக்குப் போடுவதும் சேர்த்துத்தான், ராத்திரி அதையே தின்னும். ரப்பர் விரிப்பு அல்லது தூசி சலித்த மரத்தூள் போதும். சுவரொட்டி, அட்டைப்பெட்டி பக்கமும் விடாதீர்கள். கழுதை காகிதம் தின்பது சினிமாக்காரர்களுக்குச் சிரிப்பு, ஊறின காகித உருண்டை தொண்டையில் நின்றால் சிரிப்பு வராது.

அளவு: உலர் எடையில் உடம்பில் 1.5 சதவீதம், உங்களுடையதற்கு நாளைக்கு 1.8 கிலோ. காய்ந்த கொழுக்கட்டைப் புல்லை சாஃப் கட்டரில் இரண்டு முறை விட்டு, 1 சென்டிமீட்டருக்குக் கீழே நறுக்கியது 1 கிலோ. குதிரைத் தீவனக் கடையில் கிடைக்கும் குதிரை மசால் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்) பெல்லட் அரைக் கிலோ. கோதுமைத் தவிடு 200 கிராம், வேகவைத்து மசித்த கொள்ளு 100 கிராம். மொத்தத்துக்கும் மூன்று மடங்கு தண்ணீர், அதாவது ஐந்தரை லிட்டர். இதை ஐந்து வேளையாகப் பிரியுங்கள், வேளைக்கு 360 கிராம் தீவனம், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் பெல்லட் அரை மணி, பச்சைத் தண்ணீரில் ஒன்றிரண்டு மணி. ஆனால் கடிகாரத்தை நம்பாமல் கையை நம்புங்கள்: ஒரு பிடி எடுத்து விரலிடுக்கில் பிதுக்கினால் கம்மங்கூழ் மாதிரி வழிய வேண்டும். நடுவில் ஒரு கல் மாதிரி தட்டுப்பட்டால்கூட இன்னும் ஊறவில்லை.

அந்தந்த வேளைக்கு மட்டும் ஊறவையுங்கள். நம்ம வெயிலுக்குக் காலையில் ஊறவைத்தது மத்தியானத்துக்குப் புளித்துவிடும், அதைக் கொடுத்தால் வயிற்று வலி. தவிட்டைக் கூட்டிவிடாதீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, தினமும் அதையே போட்டால் எலும்பு கெடும். மசால் அதைச் சரிக்கட்டுகிறது.

லாயம் டாக்டர்:
எண்ணெய் ஊற்றவே கூடாது. மாட்டுக்கு வயிறு உப்பினால் ஊற்றுகிற பழக்கத்தில் சொல்கிறார்கள். இங்கே அடைப்பு உணவுக்குழாயில், வாயில் ஊற்றுவது இறங்க வழியில்லாமல் திரும்பி மூச்சுக்குழாய்க்குள் போகும். நுரையீரலில் எண்ணெய் போனால் எடுக்க முடியாது. தண்ணீரும் அப்படியே. ரப்பர் குழாயை வாயில் சொருகித் தள்ளுவது அதைவிட மோசம், உணவுக்குழாய் கிழியும்.

அடைத்தால் செய்ய வேண்டியது: தீவனத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் உடனே எடுங்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள், தலை தாழ்ந்திருக்கும்படி அமைதியாக நிற்க விடுங்கள். எச்சில் வெளியே ஒழுக வேண்டும், உள்ளே போகக்கூடாது. இடது கழுத்துப் பள்ளத்தில் முடிச்சு தட்டுப்பட்டால் மெல்ல நீவலாம், அழுத்தக்கூடாது. பல நேரம் அரை மணிக்குள் தானாக இறங்கிவிடும், ஆனால் அதை நம்பி போன் செய்யாமல் இருக்காதீர்கள். கழுதையால் வாந்தி எடுக்க முடியாது.

அடைப்பு எடுத்தபிறகு உணவுக்குழாய் புண்பட்டு வீங்கியிருக்கும், அதே இடத்தில் மறுபடி அடைப்பது சகஜம். அதனால் இரண்டு வாரம் வெறும் கூழ்தான், நறுக்கின புல்லே வேண்டாம், பெல்லட்டை இன்னும் தண்ணியாக ஊற்றிக் கொடுங்கள். காலை மாலை காய்ச்சல் பாருங்கள். கழுதைக்கு 98-லிருந்து 100 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 101-ஐத் தாண்டினாலோ, மூக்குச் சளி நாறினாலோ, தலை தொங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பயந்துபோய்க் கழுதையைப் பட்டினி போடாதீர்கள். குறிப்பாக சதை பிடித்த பெட்டைக்கழுதை ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கரைந்து வந்து ஈரலைக் கெடுத்துவிடும். தொண்டையடைப்பில் பிழைத்த கழுதை இதில் போய்விடலாம். ஒரு வேளை மறுத்தாலே விசாரியுங்கள், இரண்டாவது வேளையும் மறுத்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பட்டித்தொட்டி:
டாக்டர் சொன்னது போக, அந்த மாட்டுத் தீவன மூட்டையைக் கழுதை இருக்கிற பக்கமே வைக்காதீர்கள். சில தீவனங்களில் மோனென்சின் என்கிற மருந்து சேர்த்திருப்பார்கள், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, கழுதைக்கும் குதிரைக்கும் இதயத்தை அடிக்கும் விஷம். யூரியா கலந்த மூட்டையும் வேண்டாம்.

தொட்டி அகலமாக, ஆழமில்லாமல், தரை மட்டத்தில் இருக்கட்டும், தலை குனிந்து தின்றால்தான் எச்சில் நன்றாகச் சேரும். அவசரமாக அள்ளினால் கூழுக்குள் வாயில் எடுக்க முடியாத அளவு பெரிய வழுவழுப்பான ஆற்றுக்கல் நாலைந்து போடுங்கள், சுற்றி நக்கித்தான் தின்ன வேண்டும். மற்ற கழுதைகள் இருந்தால் தனியாகக் கட்டித் தீனி போடுங்கள், போட்டி இருந்தால் விழுங்கும். ஆனால் ஜோடி கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கட்டும், பிரித்தால் தின்னாமல் நிற்கும்.

கொறங்காட்டான்:
நன்றி. கேரட், வாழைப்பழம் கொடுக்கலாமா? மழைக்காலத்தில் பச்சைப்புல்?

லாயம் டாக்டர்:
கேரட்டை வட்டமாக நறுக்கினால் சரியாகக் குழாய் அளவுக்கு நிற்கும், துருவிக் கூழில் கலந்துவிடுங்கள். வாழைப்பழம் தோல் உரித்து மசித்து பாதி போதும், சர்க்கரை அதிகம், குளம்பு வீங்கும். முழு ஆப்பிள், மாங்கொட்டை, மக்காச்சோளக் கருதுத் தண்டு, கரும்புச் சக்கை எதுவும் வேண்டாம். பச்சைப்புல் இளசாக, தானாக மேய்வது தப்பில்லை. மெஷினில் வெட்டிக் குவித்த பச்சைப்புல் மட்டும் வேண்டாம், வாயில் உருண்டு அடைக்கும், குவியலிலேயே புளிக்கவும் செய்யும். தீவன மாற்றத்தை 10-லிருந்து 14 நாளில் மெதுவாகச் செய்யுங்கள். ஆனால் ஊறவைப்பதை இன்று சாயங்காலத் தீனியிலிருந்தே தொடங்குங்கள்.