அமெரிக்க கிரீன் கார்டு கேஸ்: பெர்ம்ல (கம்பெனி போட்ட லேபர் சான்று மனு) 85,000 டாலர், டபிள்யூ-2ல (வருஷ சம்பள, வரி சீட்டு) 69,500. ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேக்குற நோட்டீஸ்) வந்திருக்கு, என்ன பண்றது?

எடிசன்_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா சரியா தூக்கம் இல்ல, கொஞ்சம் நீளமா எழுதிட்டா மன்னிச்சுக்கோங்க. என் பிரயாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசையில இடம் பிடிச்ச தேதி) 2014 மார்ச். முதல்ல இபி2 (மேல்படிப்பு தகுதி வரிசை), அப்புறம் 2020 அக்டோபர் விசா புல்லட்டின்ல இபி3 (அதுக்கு அடுத்த வரிசை) ஃபைலிங் டேட் 2015 ஜனவரி 1க்கு தாவுச்சே, அப்ப டவுன்கிரேட் பண்ணி ஐ-140யும் (கம்பெனியோட மனு) ஐ-485யும் (என்னோட கிரீன் கார்டு விண்ணப்பம்) சேர்த்தே போட்டோம். அன்னைலேர்ந்து அப்படியே கிடக்கு. அதே கம்பெனி, அதே வேலை, இன்னும் எச்1பி வேலை விசாலதான் இருக்கேன். போன வாரம் ஆர்எஃப்இ வந்துச்சு, சப்ளிமென்ட் ஜேயும் (அந்த வேலை இன்னும் இருக்குன்னு கம்பெனி உறுதி சொல்ற படிவம்) 2022லேர்ந்து மூணு வருஷ டபிள்யூ-2வும் கேக்குறாங்க. 87 நாள் டைம்.

பெர்ம்ல போட்ட சம்பளம் 85,000. 2023ல என் சம்பளம் 112,000. ஆனா அந்த வருஷ டபிள்யூ-2 பாக்ஸ் 1ல 69,500தான் இருக்கு. அந்த வருஷம் அம்மாவுக்கு பக்கவாதம் வந்து ஆறு வாரம் சம்பளம் இல்லாத லீவு போட்டு ஊர்ல இருந்தேன், 401கேவும் (ஓய்வுக்கால சேமிப்பு) ஃபுல்லா போட்டிருந்தேன். ஆஃபீசர் 85,000க்கு கம்மின்னு பாத்து ரிஜெக்ட் பண்ணிடுவாரா? கம்பெனிகிட்ட சொல்லி டபிள்யூ-2வை திருத்தி வாங்கணுமா? லாயர் ஆபீஸ்ல ரெண்டு வரி மெயில் அனுப்பினாங்க, ஒண்ணும் புரியல. பதினோரு வருஷத்துக்கு மேல காத்திருந்தது இந்த ஒரு நம்பர்ல போயிடுமோன்னு பயமா இருக்கு.

டல்லாஸ்_மீனா:
தம்பி, முதல்ல டபிள்யூ-2வை திருத்தவே திருத்தாதீங்க. அதுல தப்பே இல்ல, தப்பு இல்லாததை திருத்தினா புதுசா ஒரு முரண்பாட்டை நீங்களே உண்டாக்குற மாதிரி ஆயிடும்.

கணக்கு போட்டு பாருங்க. 112,000ல ஆறு வாரம்னா சுமாரா 12,900. மிச்சம் 99,100. 401கேக்கு 2023 லிமிட் 22,500, அதை கழிச்சா 76,600. ஃபேமிலி இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரு ஏழாயிரம் இருக்குமா? கழிச்சா கிட்டத்தட்ட உங்க 69,500 வந்துடுது. பாக்ஸ் 1ங்கறது வரி போடுற சம்பளம் மட்டும்தான், உங்களுக்கு கொடுத்த மொத்த சம்பளம் இல்ல. பாக்ஸ் 5 பாருங்க, அங்க 401கே கழியாது, அதனால 92,000 கிட்ட இருக்கணும். அதுவே 85,000க்கு மேலதானே. பாக்ஸ் 12ல 'டி' எழுத்துக்கு பக்கத்துல 22,500 இருக்கும், அதுதான் உங்க 401கே. அதுலயே 'டிடி'ன்னு ஒண்ணு இருக்கும், அது இன்ஷூரன்சோட மொத்த செலவு, கம்பெனி பங்கும் சேர்ந்தது, அதை எடுத்து கூட்டிடாதீங்க, நிறைய பேர் அங்கதான் குழம்புறாங்க.

அந்த வருஷத்தோட கடைசி பே ஸ்டப்ல (சம்பள சீட்டு) மொத்த சம்பளமும் பிடித்தமும் தனித்தனியா இருக்கும், அதை கண்டிப்பா வெக்கணும். எச்ஆர்கிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்குங்க: இந்த தேதியிலேர்ந்து இந்த தேதி வரைக்கும் இவரே கேட்டு எடுத்த லீவு, லீவுக்கு முன்னாடியும் பின்னாடியும் சம்பளம் இதுன்னு. பாஸ்போர்ட்ல திருச்சி போயிட்டு வந்த முத்திரை காப்பியும் சேருங்க. சொந்த காரணத்துக்கு நாமளே கேட்டு எடுக்குற லீவுக்கு எல்சிஏ (எச்1பிக்காக லேபர் டிபார்ட்மென்ட்ல கம்பெனி கொடுக்குற சம்பள உறுதி) படி சம்பளம் கொடுக்க வேண்டியதில்ல, அதனால எச்1பி பக்கமும் பயம் இல்ல. இன்னொண்ணு, பெர்ம்ல இருக்குற சம்பளம் கிரீன் கார்டு வந்தப்புறம் கொடுக்கவேண்டியது. வருங்கால வேலைக்கான வாக்குறுதி அது. இன்னைக்கே கொடுத்தாகணும்னு இருக்குறது எல்சிஏ சம்பளம்தான். ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க.

சியாட்டில்_காத்திருப்பு:
மீனா அக்கா சொன்னது சரி, ஆனா இதை படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு சொல்லணும். எடிசன் கேஸ்ல சம்பளம் உண்மையாவே வந்திருக்கு. என் கேஸ்ல வரல. நான் இருந்த கன்சல்ட்டிங் கம்பெனி ப்ராஜெக்ட் முடிஞ்சதும் ரெண்டரை மாசம் பெஞ்ச்ல போட்டு, அதாவது வேலை கொடுக்காம உக்கார வெச்சு, ஒரு பைசா கொடுக்கல, கேட்டா லீவுன்னு எழுதி கையெழுத்து போட்டு குடுன்னாங்க. நான் போட்டேன். இன்னைக்கும் அதை நினைச்சா மனசு ஆறல. வேலை இல்லன்னாலும் எல்சிஏ சம்பளம் கொடுத்தே ஆகணும், அது சட்டம். லேபர் டிபார்ட்மென்ட்ல டபிள்யூஎச்-4 படிவத்துல புகார் கொடுக்கலாம், ஆனா 12 மாசத்துக்குள்ள கொடுக்கணும், நான் அது தெரியாம விட்டுட்டேன். விசா ஸ்டேட்டஸ் விஷயத்துல குடியேற்ற சட்டத்துல 245(கே)ன்னு ஒரு பிரிவு காப்பாத்துச்சு, கடைசியா முறைப்படி உள்ள வந்த நாள்லேர்ந்து மொத்தம் 180 நாளுக்குள்ள இருக்குற மீறலை எம்ப்ளாய்மென்ட் கேட்டகரிக்கு மன்னிக்கிறாங்க. யாரும் பெஞ்ச் காலத்துக்கு லீவு லெட்டர் எழுதி கொடுக்காதீங்க, ப்ளீஸ்.

காவிரிக்கரை:
இது ஐ-140லயே வெடிச்ச கதையும் இருக்கு. என் பிரயாரிட்டி டேட் 2009. பெர்ம்ல 74,000, எனக்கு கொடுத்தது 62,000. கிரீன் கார்டு வரைக்கும் கம்மியா கொடுக்கலாம்தான், ஆனா பிரயாரிட்டி டேட்லேர்ந்தே அந்த சம்பளத்தை கொடுக்குற வசதி இருக்குன்னு கம்பெனி காட்டணும். வித்தியாசம் 12,000தான், அந்த வருஷ லாபமோ, கையிருப்பு சொத்துல கடன் போக மிச்சமோ அதுக்கு மேல இருந்தா போதும். சின்ன கம்பெனி, வரி கணக்குல நஷ்டம் காட்டியிருந்தாங்க, மிச்சமும் இல்ல. அதோட இன்னும் சில பேருக்கும் ஐ-140 போட்டிருந்ததால அத்தனை பேர் சம்பளத்தையும் சேர்த்து காட்ட சொன்னாங்க. டினை ஆயிடுச்சு. 2009 தேதியே போச்சு, மறுபடி 2012ல புதுசா தொடங்கினேன். சின்ன கம்பெனில பெர்ம் போடுறவங்க முன்னாடியே கேளுங்க, சங்கடமா இருந்தாலும் கேளுங்க.

எடிசன்_திருச்சி:
மீனா அக்கா, பாக்ஸ் 5 பாத்தேன், 92,000 சில்லறை இருக்கு! உங்க கணக்கு அப்படியே வந்துச்சு. உக்காந்து அழுதுட்டேன், உண்மையா. காவிரிக்கரை அண்ணா, உங்க கதை படிச்சு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இன்னொரு சந்தேகம், இப்ப சம்பளம் பெர்ம்ல இருக்கறதவிட அதிகமா இருக்கே, சப்ளிமென்ட் ஜேல எதை போடுறது?

டல்லாஸ்_மீனா:
இப்ப உண்மையா என்ன சம்பளமோ அதை. அதிகமா இருக்குறது மட்டும் பிரச்சினையே இல்ல தம்பி, இத்தனை வருஷத்துல ஏறத்தான் செய்யும். வேலையும் பொறுப்பும் அதேன்னு கம்பெனி எழுதினா போதும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பே ஸ்டப்ல இருக்கற நம்பரும் அதுல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு நீங்களே பாருங்க. கம்பெனி லாயர் முக்கியமா கம்பெனிக்காகத்தான் பாப்பாரு, முடிஞ்சா அனுப்புறதுக்கு முன்னாடி வெளிய ஒரு லாயர்கிட்ட ஒரு மணி நேரம் காசு கொடுத்து காட்டிடுங்க.

எடிசன்_திருச்சி:
சரிக்கா. எச்ஆருக்கு இப்பதான் மெயில் போட்டேன், வியாழக்கிழமை வெளி லாயர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். பேசிட்டு இங்கயே வந்து எழுதுறேன். அம்மா இப்ப கம்பு ஊன்றி நடக்குறாங்க.