ஷிப்மென்ட் வாரத்துல மட்டும் பிபி ஏறுது: டென்ஷனா, வியாதியா?

அவினாசி ரோடு:
வணக்கமுங்க. அண்ணனுக்கு வயசு 44, திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் நெருங்குற வாரம் பார்த்தா 152/96, ஞாயித்துக்கிழமை ஊட்டுல பார்த்தா 130/84. "இது டென்ஷன் பிபி, மாத்திரையெல்லாம் வேண்டாம்"ங்கறாரு. சரிதானுங்களா?

நொய்யல்:
டென்ஷன் பிபின்னு தனி வியாதி கிடையாதுங்க. பையர் போன்ல சத்தம் போட்டா அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும். இது யாருக்கும் வர்றதுதான், கொஞ்ச நேரத்துல இறங்கிரும். அதனால ஒத்தை ரீடிங்க வெச்சு பிபி இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.

ஏழு நாள் தொடர்ந்து எடுங்க. காலையில டீக்கு முன்னாடி, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு ரீடிங். முதல் நாளைத் தள்ளிட்டு மத்ததுக்குச் சராசரி போடுங்க. 135/85 தொட்டாலே டாக்டர்கிட்டப் போகோணும். லீவு போட்ட வாரத்துல எடுக்காதீங்க, வேலை நடக்கற வாரத்துலயே எடுங்க. சில பேருக்குக் கிளினிக்குல நார்மலா இருக்கும், வேலை இடத்துல ஏறியே கிடக்கும். அதுவும் இதயத்துக்கும் கிட்னிக்கும் கெடுதல்தான். சந்தேகமா இருந்தா 24 மணி நேரமும் கையில பிபி பட்டையைக் கட்டிப் பாக்கற டெஸ்ட் இருக்குதுங்க.

பெருந்துறை சிஸ்டர்:
அளக்கறதுலயே நிறையத் தப்பு நடக்குது. மாடிப்படி ஏறி வந்ததும் பட்டையைச் சுத்தறாங்க. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரோணும், முதுகு சாஞ்சிருக்கோணும், கால்மேல கால் போடக்கூடாது. கையை மேசைமேல நெஞ்சு மட்டத்துக்கு வெய்யுங்க. தொங்கவிட்டா மேல் அளவு 10 வரைக்கும் கூடிக் காட்டும், பேசிட்டே எடுத்தாலும் அப்படித்தான். ஒண்ணுக்கு அடக்கிட்டும் எடுக்காதீங்க. டீ, சிகரெட்டுக்கப்புறம் அரை மணி நேரம் பொறுங்க. கை தடிமனா இருந்தா பெரிய பட்டை கேட்டு வாங்குங்க, சின்னதைச் சுத்தினா இல்லாத பிபியக் காட்டும்.

கொடிவேரி:
மன அழுத்தத்தோட சேர்ந்து வர்றதுகளையும் பாருங்க. தூக்கம் கெடும். அரிசிம்பருப்புக்கு அப்பளமும் ஊறுகாயும் கூடும் (நாளெல்லாம் சேர்த்து உப்பு 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான்). சாயங்காலம் கோட்டர் வரும். இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டாலும் பிபி ஏறும், டாக்டர்கிட்ட இதை யாரும் சொல்றதே இல்ல.

மாத்திரை ஆரம்பிச்சுட்டா, ஞாயித்துக்கிழமை நல்லா இருக்குன்னு நிறுத்தக்கூடாது. டென்ஷன் நாள்ல ரெண்டாப் போடறதும் வேண்டாம். அம்லோடிபின்ங்கற பிபி மாத்திரை முழுசா வேலை செய்யவே ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்.

மூச்சை மெதுவா, நிமிஷத்துக்கு ஆறு தடவை, தினம் பத்து நிமிஷம் விடச் சொல்லுங்க. கொஞ்சம் இறங்கும், ஆனா மாத்திரைக்குப் பதில் ஆகாது.

அவினாசி ரோடு:
நன்றிங்க. குறட்டை பலமா விடுவாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?

நொய்யல்:
உண்டுங்க. குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா, பகல்ல தூங்கி வழியறாரான்னு கவனிச்சு டாக்டர்கிட்டச் சொல்லுங்க. தூக்கத்துல மூச்சுத் தடைபட்டா மாத்திரை போட்டும் பிபி சுலபமா அடங்காது.

இன்னொண்ணு: 180/120 காட்டினா அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சு மறுபடி எடுங்க. குறையலைன்னா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் மரத்துப்போறதுன்னு ஏதாவது இருந்தா மறுபடி அளந்துட்டு இருக்க வேண்டாம், 108-க்குக் கூப்பிடுங்க.