பபிள் டீ கடையில் சர்க்கரை, ஐஸ், போபா: எப்படிச் சொல்லி வாங்குவது?

கேள்வி
முதல் முறையாக பபிள் டீ கடைக்குப் போகிறோம். ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. 4 வயதுக் குழந்தையும் வருகிறது. சர்க்கரை எத்தனை சதவீதம் என்று கேட்பார்களாமே, எதைச் சொல்வது? கூடவே டார்ட், கேக் வாங்கினால் திகட்டிவிடுமா?

பதில் 1
100% என்பது அந்தக் கடை வழக்கமாகப் போடும் முழு அளவு. முதல் முறைக்கு 50% போதும். பேஸ்ட்ரியும் உண்டு என்றால் 30% அல்லது 0% சொல்லுங்கள். 0% என்றாலும் இனிப்பு அடியோடு இருக்காது என்று நினைக்க வேண்டாம், போபா (மரவள்ளி மாவில் செய்யும் சிறு உருண்டைகள்) முத்துக்கள் வெந்த பிறகு சர்க்கரைப் பாகில்தான் ஊறுகின்றன. பிரவுன் சுகர் பால் என்ற பானத்தில் பெரும்பாலும் சர்க்கரையைக் குறைக்கவே முடியாது, கோப்பையின் உட்புறம் தடவும் பாகுதான் அதற்கு ருசி.

ஐஸ் வேண்டாம் என்றால் சர்க்கரையை இன்னும் ஒரு படி இறக்குங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஐஸ் உருகி டீயும் நீர்த்துப்போகும். இரண்டும் இல்லாதபோது அதே 50% தூக்கலாக இருக்கும்.

பதில் 2
பால் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ‘நான்-டெய்ரி’ க்ரீமர் என்று சொன்னாலும் அதில் கேசினேட் என்ற பால் புரதம் இருப்பது சகஜம். பால் செரிக்காதவர்கள் சிலர் சமாளித்துக்கொள்வார்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. பால் சேராத ஊலாங் (ஒரு வகைச் சீனத் தேயிலை), மல்லிகை கிரீன் டீ, பழ டீ வாங்குவது நல்லது. டீயைக் குலுக்கிக் கலக்கும் ஷேக்கரை நன்றாகக் கழுவிவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள்.

குழந்தைக்குப் போபா வேண்டவே வேண்டாம். அகலமான ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சும்போது முத்து நேராகத் தொண்டைக்குப் போய் மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். கடிக்க உடையும் பழச்சாறு முத்தும் ஜெல்லித் துண்டும்கூட அந்த வயதுக்கு வேண்டாம். டாப்பிங் இல்லாமல், டீயும் சேராத பானமாகக் கேளுங்கள்.

பதில் 3
போபா நன்றாக இருந்தால்தான் அந்தக் கோப்பைக்கே அர்த்தம். வெந்த மரவள்ளி மாவு குளிரக் குளிர இறுகும். அதனால் முத்துக்கள் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். நல்ல முத்து நடுவரை ஒரே மாதிரி மெல்ல வரும். நடுவில் வெள்ளையாக மாவு கடிபட்டால் சரியாக வேகவில்லை. வெளியே கொழகொழவென்றால் பாகில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. ‘எப்போது வேகவைத்தது?’ என்று கேட்பதில் தவறே இல்லை. வாங்கியதும் குடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் முத்து கல்லாகிவிடும்.

சீல் போட்ட கோப்பையை முதலில் நன்றாகக் குலுக்குங்கள். பிறகு ஸ்ட்ராவின் மேல்துளையைக் கட்டைவிரலால் மூடி, கூர்முனையை நேராக ஒரே குத்தாகக் குத்துங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால் ஃபிலிம் உள்வாங்கி டீ தெறிக்கும். சீஸ் ஃபோம் (டீயின் மேல் மிதக்கும் சீஸ் க்ரீம் நுரை) போட்டதைக் குலுக்கவும் வேண்டாம், ஸ்ட்ராவும் வேண்டாம். கோப்பையைச் சாய்த்து நுரையும் டீயும் சேர்ந்து வரும்படி குடியுங்கள்.

பேஸ்ட்ரியில், சூடான எக் டார்ட்டுக்கோ தைவான் அன்னாசி கேக்குக்கோ சர்க்கரை போடாத ஊலாங் அருமையான ஜோடி, அதன் துவர்ப்பு வெண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும். இவை இரண்டிலும் பாலோ வெண்ணெயோ இருக்கும், பால் ஒத்துக்கொள்ளாதவர் கேட்டுவிட்டு வாங்கட்டும். போபாவோடு மோச்சி (ஒட்டும் அரிசி மாவில் செய்யும் இனிப்பு) வாங்காதீர்கள். இரண்டுமே சவசவ என்று இருக்கும், தாடைதான் வலிக்கும்.

கேள்வி கேட்டவர்
குழந்தைக்கு டாரோ (சேப்பங்கிழங்கு) பானம் சரிவருமா?

பதில் 2
பல கடைகளில் டாரோ பொடியும் பாலும்தான், டீ இருக்காது. சில இடங்களில் டீ கலப்பார்கள் என்பதால் கேட்டே வாங்குங்கள். பொடியிலேயே சர்க்கரை இருக்கும், தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டாம்.