பொருள்: ‘கேரண்டி கேபின்’ முதல் ‘லாயல்டி பெர்க்ஸ்’ வரை – கலைச்சொல் வேண்டும்

மடல் 1

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

உல்லாசக் கப்பல் முன்பதிவுச் செயலி ஒன்றின் தமிழாக்கம் முடியும் நிலையில் இருக்கிறது. உள்ளறை, சாளர அறை, பால்கனி அறை, சூட் என்ற நான்கு வகைகளிலும் சிக்கல் இல்லை. ‘சூட்’டுக்குத் தமிழ் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து, விடுதிப் பெயர்ப்பலகை வழியாக அது எப்போதோ தமிழாகிவிட்டது.

இடிப்பவை இவை: கேரண்டி கேபின், அப்ஸ்ட்ரக்டட் வியூ, கப்பலின் முன்பக்கம் பின்பக்கம், லாயல்டி புரோகிராம், பெர்க்ஸ், ஆன்போர்டு கிரெடிட். வரைவில் முறையே ‘உறுதி அறை’, ‘தடைபட்ட காட்சி’, ‘முன்புறம்/பின்புறம்’, ‘விசுவாசத் திட்டம்’, ‘சலுகைகள்’, ‘உள்கடன்’ என்று கிடக்கிறது. பொத்தானில் எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

> உறுதி அறை

இதை முதலில் தூக்குங்கள். பொருளே தலைகீழ். அந்தப் பதிவில் உறுதியாகாத ஒரே சங்கதி அறைதான்.

நடப்பது இது. பயணி ஒரு வகைக்குப் பணம் கட்டுகிறார், ‘பால்கனி’ என்று வைத்துக்கொள்வோம். அறை எண்ணை நிறுவனம் பிறகு தன் வசதிக்கு ஒதுக்கும். பல வாரங்களுக்கு முன்பும் எண் வரலாம், புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பும் வரலாம். கட்டிய வகைக்குக் கீழே இறக்க மாட்டார்கள். மேலே ஏற்றினாலும் ஏற்றலாம். விலை குறைவதற்கு அதுதான் காரணம்: மற்றவர்கள் தேர்ந்தெடுத்துப் போன பிறகு மிஞ்சுகிற அறைகளை நிரப்ப நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறோம். மிஞ்சுகிற அறை எது? பெரும்பாலும் நடன அரங்குக்கு நேர் மேலே இருப்பது, நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருப்பது, கோடியில் இருப்பது.

‘உறுதி அறை’ என்று படித்தவர் தனக்கு ஓர் அறை நிச்சயமாகிவிட்டது என்று நினைத்து, இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு பதிவு போடுவார். ஒன்று 6ஆம் தளத்திலும் மற்றது 11ஆம் தளத்திலும் வரும். பக்கத்துப் பக்கத்து அறை என்ற கோரிக்கை இந்த வகைப் பதிவில் செல்லாது. எண் வந்தபின் பிடிக்கவில்லை என்று மாற்றிக் கேட்பதும் பெரும்பாலும் நடக்காது. பெட்டியில் ஒட்டும் சீட்டில் அறை எண் வேண்டும் என்பதால், அதை அச்சடிக்கவும் காத்திருக்க வேண்டும்.

என் பரிந்துரை: பின்னொதுக்கு அறை.

மடல் 3

ஐயா சொன்ன விளக்கத்தோடு முழுக்க உடன்படுகிறேன், சொல்லோடு இல்லை. ‘பின்னொதுக்கு’ என்றால் பின்பக்கமாக ஒதுக்கிவிடுவது என்றும் படிக்கலாம். கப்பலில் பின்பக்கம் என்று ஓர் இடமே இருக்கிறதே!

எது உறுதி என்று சொல்லிவிட்டால் எது உறுதியில்லை என்பது தானாக விளங்கும். வகையுறுதி. ஐந்தே எழுத்து, பொத்தானில் அடங்கும். கீழே சிறிய எழுத்தில் ‘அறை எண் பின்னர்’ என்று ஒரு வரி போடலாம். இதோடு ‘அப்கிரேடு’க்கு வகையுயர்வு என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும். காசு கேட்டு ஏலம் விடுகிறார்களே, அது வகையுயர்வு ஏலம். அந்தத் திரையில் ஒரு குறிப்பு அவசியம்: ஏலத்தொகை பெரும்பாலும் ஆளுக்கு. 100 என்று எழுதினால் இருவர் அறைக்கு 200 போகும்.

மடல் 4

வகையுறுதி நன்று. ஆனால் ‘வகை’ என்ற சொல்லுக்குள் என்ன அடங்குகிறது என்பதும் திரையில் தெரிய வேண்டும். சாளர வகையுறுதி எடுத்தவருக்கு, சாளரத்துக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும் அறையும் வரலாமா? சில நிறுவனங்கள் அவற்றைத் தனி வகையாகப் பிரித்திருக்கின்றன, சில பிரிப்பதில்லை. அதனால்தான் இரண்டாவது சொல் முக்கியம்.

> தடைபட்ட காட்சி

ஒளிபரப்பு நின்றுபோன தொலைக்காட்சி மாதிரி இருக்கிறது. மறைப்புள்ள அறை போதும். அதை அரைமறைப்பு, முழுமறைப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். படகு தொங்கும் தளத்துக்கு ஒரு தளம் மேலே இருந்தால், கீழே பார்த்தால் படகின் கூரை, நேரே பார்த்தால் கடல்: அரைமறைப்பு. படகு நேரே நின்றால் முழுமறைப்பு. வெளிச்சம் மட்டும் வரும். உள்ளறைக்குக் கொஞ்சம் மேல், சாளர அறைக்குக் கொஞ்சம் கீழ் என்ற விலையில் கிடைத்தால் வெளிச்சத்துக்காக அதை எடுப்பவர்களும் உண்டு.

படகு இல்லாமலும் மறைப்பு வரும். பால்கனியின் முன்தடுப்பு கண்ணாடியா இரும்பா என்று பாருங்கள். இரும்பு என்றால் நின்றால் கடல், உட்கார்ந்தால் தகடு. தளவரைபடத்தில் இது பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒரு சின்ன முக்கோணமாகவோ வட்டமாகவோ ஒளிந்திருக்கும். செயலியில் அந்தக் குறிகளையும் மொழிபெயர்க்க மறக்காதீர்கள். ஆங்கிலக் குறிப்புத்தான் அங்கே பெரிய மறைப்பு.

மடல் 5

சாளரம் என்றதும் ஒன்று. எல்லா பால்கனியும் கடலைப் பார்ப்பதில்லை. 2009இல் வந்த ‘ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலில், நடுவே திறந்தவெளித் தோட்டம் இருக்கிறது; அதைப் பார்த்த பால்கனிகள் உண்டு. பால்கனி என்று பதிந்துவிட்டு எதிர்வீட்டுப் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே கடல்மாடம், உள்மாடம் என்று இரண்டு சொல் கேட்கிறேன். ‘பால்கனி’யைப் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள், வகைப்பெயரில் மாடம் இருக்கட்டும்.

மடல் 6

> கப்பலின் முன்பக்கம் பின்பக்கம்

இதற்குப் புதுச்சொல் ஏன்? கடலோர மக்கள் வாயில் இன்றும் புழங்குகிறது: முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். ‘முன்புறம்’ என்றால் எதற்கு முன்புறம் என்ற கேள்வி வரும். அறையின் முன்புறமா, கப்பலின் முன்புறமா? அணியத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அறை தேர்வில் இது வெறும் பெயர் விவகாரமும் இல்லை. கப்பல் அலையில் இரண்டு விதமாக ஆடும். அணியமும் அமரமும் மாறி மாறி ஏறி இறங்குவது ஒன்று. இடமும் வலமுமாகச் சாய்வது மற்றது. முதலதற்கு ஏற்றிறக்கம், இரண்டாவதற்குச் சாய்வாட்டம் என்று வைக்கலாம். 300 மீட்டர் நீளக் கப்பல் ஏற்றிறக்கத்தில் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி அணியத்தின் நுனியில் இருப்பவர் சுமார் 2.6 மீட்டர் உயர்ந்து இறங்குவார். நடுவில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. சாய்வாட்டத்தில் கணக்கு உயரத்தைப் பொறுத்தது. சுழலும் அச்சுக்கு 35 மீட்டர் மேலே இருந்தால், இரண்டு பாகைச் சாய்வுக்கு 1.2 மீட்டர் பக்கவாட்டில் போய்வருவீர்கள். நீருக்கடியில் பக்கவாட்டில் நீட்டப்படும் துடுப்புகள் சாய்வாட்டத்தைத்தான் அடக்கும். ஏற்றிறக்கத்துக்கு அவற்றால் பயனில்லை. தலைசுற்றல் உள்ளவருக்கு ‘நடு, கீழ்த்தளம்’ என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான். உயரத்தில் வாங்கும் விலையுயர்ந்த அணியச் சூட், அலைக்காலத்தில் அந்தக் கப்பலிலேயே மோசமான அறையாக இருக்கக்கூடும்.

சத்தமும் இடத்தைப் பொறுத்ததுதான். கீழ்த்தள அணியத்தில், விடிகாலை துறைமுகம் அணையும்போது, கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் பக்கவுந்தி எழுப்பும் உறுமல். துறைமுகத்துக்கு வெளியே கடலில் நிறுத்தும் நாளில் நங்கூரச் சங்கிலி. அமரத்தில், கப்பலைச் செலுத்தும் சுழலியின் அதிர்வு. மேலே என்றால் சில கப்பல்களில் புகைக்கரி மாடத்தில் படியும். பதிலுக்கு அமரத்தில்தான் கப்பல் விட்டுச்செல்லும் நுரைத்தடம் முழுசாகத் தெரியும். முன்னோக்கிய அணிய அறைகளில் இரவில் விளக்குப் போட்டால் திரையை மூடச் சொல்வார்கள். அந்த வெளிச்சம், கப்பலை ஓட்டும் மேடையிலிருந்து இருட்டில் பார்ப்பவர்களின் கண்ணை மறைக்கும்.

மடல் 7

அணியம், அமரம் இரண்டுக்கும் என் ஒப்புதல். பொத்தானில் மட்டும் முதல் சில பதிப்புகளுக்கு ‘அணியம் – முன்’, ‘அமரம் – பின்’ என்று சேர்த்துப் போடுங்கள்.

விட்டுப்போன ஒன்று: மேலும் கீழும் அறைகளே உள்ள தளம். இதை இடைத்தளம் எனலாம். சத்தத்துக்கு அஞ்சுபவர் தேட வேண்டியது அதைத்தான். தளவரைபடத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் காலை ஆறு மணிக்கு நாற்காலி இழுப்பார்கள். வரைபடத்தில் பெயரில்லாத வெள்ளைக் கட்டமும் சந்தேகத்துக்குரியதே. சமையல்கட்டோ சாமான் வண்டி நிற்கும் இடமோ பணியாளர் கதவோ அங்கே இருக்கும். செயலியில் அதற்கு ‘வெற்றிடம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பணியிடம் என்று மாற்றுங்கள்.

இடைக்கதவு உள்ள அறையும் அப்படியே. குடும்பத்தோடு இரண்டு அறை எடுத்தால் வரம். தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் அவர் தொலைக்காட்சியும் நம்முடையதே.

மடல் 8

> விசுவாசத் திட்டம்

விசுவாசம் எசமானுக்கு வேலைக்காரன் காட்டுவது. டிக்கெட் வாங்குகிறவன் ஏன் காட்ட வேண்டும்? ‘மீள்பயணர் திட்டம்’ என்று வைக்கலாமா?

மடல் 9

மீள்பயணம் என்றால் ஊர் திரும்பும் பயணம். ‘தொடர்பயணர்’ என்றால் இறங்காமல் அடுத்தடுத்து இரண்டு பயணம் போகிறவர். கப்பல் பயணத்தில் அது தனிச் சங்கதி. நம்மிடம் வாடிக்கை என்று அசலான சொல் இருக்கிறது. ஒரே கடையில் திரும்பத் திரும்ப வாங்குவதற்கு வேறென்ன பெயர்? வாடிக்கைத் திட்டம், வாடிக்கைப் புள்ளி, புள்ளி சேரச் சேர ஏறும் வாடிக்கைப் படி.

மடல் 10

‘வாடிக்கைப் படி’யைச் சேர்த்து எழுதிப் பாருங்கள், அம்மா. ‘வாடிக்கைப்படி உங்களுக்குத் தனி வரிசை’ என்று திரையில் வந்தால், வழக்கம்போல எல்லாருக்கும் தனி வரிசை என்று ஆகிவிடும். வாடிக்கை நிலை என்று வைத்துவிடலாம். ஒரு நிறுவனத்தில் பெற்ற நிலையைக் காட்டி இன்னொன்றில் அதற்கு ஈடான நிலை கேட்பதை இணைநிலை என்போம். எம்எஸ்சி, பிற கப்பல் நிறுவனங்களின் நிலைகளோடு தங்கும் விடுதிக் குழுமங்களின் நிலைகளையும் இப்படி ஏற்கிறது.

‘வாடிக்கைப் புள்ளி’ ஒன்றே போதாது. புள்ளி எதை எண்ணுகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ராயல் கரீபியனில் இரவுக்கு ஒன்று, சூட்டில் இரட்டிப்பு. டயமண்ட் நிலைக்கு 80 புள்ளி. 7 இரவுப் பயணம் சாதாரண அறையில் 12 வேண்டும், சூட்டில் 6 போதும். பிரின்செஸில் எலீட் நிலைக்கு 15 பயணம் அல்லது 150 நாள், எது முந்தினாலும் சரி. அங்கே மூன்று, நான்கு நாள் சிறுபயணம் போகிறவர் சீக்கிரம் ஏறிவிடுவார். கார்னிவல் 2026 ஜூன் முதல் செலவை வைத்துக் கணக்கிடுவதாக 2025இல் அறிவித்தது. ஆகவே இரவுக்கணக்கு, பயணக்கணக்கு, செலவுக்கணக்கு என்று மூன்று சொல்லும் தேவை. இந்த மூன்றும் இல்லாமல் ஒப்பிடும் திரை வெறும் அலங்காரம்.

மடல் 11

‘பெர்க்’குக்கு என் ஓட்டு கொசுறு. சிரிக்க வேண்டாம். சலுகை என்றால் விலையில் குறைப்பது. காய் வாங்கியபின் கடைக்காரர் மேலே போடும் கறிவேப்பிலைக்கு என்ன பெயரோ, அதுதான் இது: இலவசச் சலவை, பானச் சீட்டு, முன்னுரிமை ஏற்றம். கொசுறு என்ற சொல்லுக்குள்ளேயே அது கடைக்காரர் விருப்பம் என்பதும் இருக்கிறது. நாளை நிறுத்தினால் வழக்குப் போட முடியாது. இந்தத் திட்டங்களின் விதிகளும் அதையே சொல்கின்றன: எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று.

கொசுறைக் காசாக எடைபோட ஒரு கணக்கு. இருவர், 7 இரவு. வாடிக்கை நிறுவனம் மற்றதைவிட மொத்தம் 240 டாலர் கூடுதல் கேட்கிறது. கொசுறில் நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்கியிருக்கக்கூடியது நாளுக்கு ஆளுக்கு 12 டாலர் என்றால் 168. வாடிக்கையாக இருப்பதற்கு 72 டாலர் கையிலிருந்து போகிறது. குடிக்காதவருக்குப் பானச் சீட்டு பூச்சியம். நான்கு நாள் பயணத்தில் இலவசச் சலவை பூச்சியம். பதினான்கு நாளில் அதுவே பெட்டியின் எடையைப் பாதியாக்கும். முன்னுரிமை ஏற்றத்துக்கு மதிப்புப் போடும் முன், நீண்ட பயணங்களில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் மேல்நிலைக்காரர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே முன்னுரிமை வரிசைதான் நீளம்.

மடல் 12

கொசுறு பேச்சுவழக்கு என்று பாடநூல்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஆனால் திரைத்தலைப்பில் ‘நிலைக்கொசுறு’ என்று ஒட்டிப் போடாதீர்கள், நாக்கு உளறும். ‘உங்கள் கொசுறுகள்’ போதும்.

> உள்கடன்

இது ஆபத்து. கப்பலில் செலவழிக்க நிறுவனம் பயணியின் கணக்கில் போடும் தொகை இது. கடன் என்று கண்டதும் பயணி திருப்பிக் கட்ட வேண்டும் என்று நினைப்பார். கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வரவு. கப்பல் வரவு என்க. அதில் இரண்டு உண்டு. திரும்பும் வரவு மிஞ்சினால் பயணியின் அட்டைக்கு வரும்; திரும்பா வரவு கடைசி இரவோடு போய்விடும். இரண்டும் ஒரே தொகையாகத் திரையில் நிற்பதால்தான், கடைசி இரவு கப்பல் கடையில் வேண்டாத சட்டைக்கு வரிசை நிற்கிறது. செயலியில் இரண்டு வரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை என்றால் நிரலருக்கு ஒரு வழு அறிக்கை போடுங்கள்.

மடல் 13

எல்லாருக்கும் நன்றி. வகையுறுதி, வகையுயர்வு, மறைப்புள்ள அறை, கடல்மாடம், உள்மாடம், அணியம், அமரம், இடைத்தளம், பணியிடம், வாடிக்கை நிலை, இணைநிலை, மூன்று கணக்குகள், கொசுறு, கப்பல் வரவு ஆகியவற்றை இன்று ஏற்றிவிடுகிறேன். வரவைப் பிரிக்க வழு அறிக்கையும் போட்டாயிற்று.

ஒன்று மட்டும் மிச்சம். இருவர் அறையில் தனியாள் போனால், இல்லாத இரண்டாம் ஆளின் கட்டணத்தையும் பெரும்பாலும் வாங்குகிறார்களே, அந்தத் தொகை. வரைவில் ‘ஒற்றையர் அபராதம்’ என்று இருக்கிறது. உண்மைதான் என்றாலும் நிறுவனம் ஒப்புக்கொள்ளாது.

மடல் 14

தனியாள் மிகுகட்டணம். பக்கத்திலேயே ஒரு குறிப்பு சேருங்கள்: ராயல் கரீபியனில் இதைக் கட்டுகிறவருக்கு ஒவ்வோர் இரவுக்கும் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு. அதாவது அந்த ஆளில்லாத கட்டிலுக்கும் வாடிக்கை ஏறுகிறது.